பாஸ்போலிப்பேஸ் ஏ2: கணையத்திலும் பாம்பின் விஷத்திலும் இருக்கும் நொதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடி விரியனின் விஷம், தேனீயின் கொடுக்கு, நம் கணையம், நம் கண்ணீர் ஆகிய நான்கு இடங்களிலும் கொழுப்பை ஒரே இடத்தில் வெட்டும் நொதிகள் இருக்கின்றன. அவற்றின் பெயர் பாஸ்போலிப்பேஸ் ஏ2. உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகளும், பாம்புக்கடி பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வேதியியல் பகுதி கடினமாகத் தோன்றினால் அதைத் தாண்டிப் பாம்புகளைப் பற்றிய கேள்விகளுக்குப் போய்விடலாம். ஆனால் முதல் ஐந்து பதில்களைப் படித்துவிட்டுப் போனால் கட்டுவிரியன் கடி ஏன் அப்படி இருக்கிறது என்பது இன்னும் நன்றாகப் புரியும்.

இந்த நொதி என்னதான் செய்கிறது?

நம் செல் ஒவ்வொன்றையும் சுற்றியிருக்கும் சவ்வு பெரும்பாலும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பால் ஆனது. அந்த மூலக்கூறின் நடுத்தண்டு கிளிசரால். அதில் மூன்று கார்பன்கள். முதல் இரண்டு கார்பன்களிலும் ஒவ்வொரு கொழுப்பு அமில வால் தொங்குகிறது. மூன்றாவதில் பாஸ்பேட் தலை உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது கார்பனில் தொங்கும் வாலை, அதைப் பிடித்திருக்கும் எஸ்டர் பிணைப்பில், ஒரு நீர் மூலக்கூறைச் செலுத்தி வெட்டிவிடுவதுதான் இந்த நொதியின் வேலை.

வெட்டியதும் இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று விடுபட்ட கொழுப்பு அமிலம். இன்னொன்று ஒற்றை வாலுடன் மிஞ்சிய லைசோபாஸ்போலிப்பிடு. இந்த இரண்டும் சும்மா இருப்பதில்லை. பின்னால் வரும் கதை எல்லாம் இந்த இரண்டும் செய்யும் வேலைதான்.

பெயரில் 'ஏ2' எதற்கு?

எங்கே வெட்டுகிறது என்பதைச் சொல்ல. முதல் வாலை வெட்டினால் ஏ1, இரண்டாவதை வெட்டினால் ஏ2. பாஸ்பேட்டுக்கு முன்னால் வெட்டுவது சி, பின்னால் வெட்டுவது டி.

ரத்தப் பரிசோதனையில் வரும் 'லிப்பேஸ்' இதுதானா?

இல்லை. அது கணைய லிப்பேஸ். எண்ணெய், நெய்யில் இருக்கும் டிரைகிளிசரைடை உடைப்பது அது. இரண்டும் கணையத்திலிருந்துதான் வருகின்றன, இரண்டும் எஸ்டர் பிணைப்பைத்தான் வெட்டுகின்றன. ஆனால் உருவத்திலும் வெட்டும் முறையிலும் இரண்டும் வெவ்வேறு. லிப்பேஸ் தன்னிடம் உள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தால் கொழுப்பைத் தாக்கி, கொஞ்ச நேரம் அந்தக் கொழுப்பு அமிலத்தைத் தன் உடம்பிலேயே ஒட்டவைத்துக்கொண்டு, அப்புறம்தான் விடுகிறது. கணையத்திலும் விஷத்திலும் உள்ள ஏ2 நொதி அப்படி எதையும் ஒட்டவைத்துக்கொள்வதில்லை. நீரை நேரடியாக ஏவிவிடுகிறது.

அதன் அமைப்பு எப்படி இருக்கும்?

சிறியது. கணையத்திலும் விஷத்திலும் இருக்கும் வகையில் சுமார் 120 அமினோ அமிலங்கள்தான். எடை ஏறத்தாழ 14 கிலோடால்டன் (மூலக்கூறு எடையைச் சொல்லும் அலகு). ஹீமோகுளோபினில் கால் பங்குகூட இல்லை. மாட்டுக் கணைய நொதியின் படிக அமைப்பை நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் டைக்ஸ்ட்ராவும் டிரெந்தும் அவர்கள் குழுவினரும் 1981ல் அணு அணுவாகப் பார்க்கும் அளவுக்குத் துல்லியமாக வெளியிட்டார்கள். விஷ நொதிகளின் அமைப்புகள் வந்தபோது அவற்றை இதன்மேல் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அப்படியே பொருந்தின.

நடுவில் இரண்டு நீளமான சுருள்கள் ஒன்றுக்கொன்று இணையாக, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. நொதியின் முதுகெலும்பு என்று இவற்றைச் சொல்லலாம். ஒரு சுருளில் 48ஆவது இடத்தில் ஹிஸ்டிடினும் 49ஆவது இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மற்ற சுருளில் 99ஆவது இடத்தில் இன்னொரு ஆஸ்பார்டிக் அமிலம். பக்கத்திலேயே ஒரு வளைவு, அதில் ஒரு கால்சியம் அயனி. இந்த 49ஆவது ஆஸ்பார்டிக் அமிலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாம்புகளிடம் வரும்போது மறுபடி சந்திப்போம்.

இவ்வளவு சிறிய புரதத்தைப் பெரும்பாலும் ஏழு டைசல்பைடு பிணைப்புகள் கட்டிவைத்திருக்கின்றன. கந்தக அணுவும் கந்தக அணுவும் சேர்ந்து போடும் தையல் அது. 120 அமினோ அமிலங்களுக்கு ஏழு தையல் என்பது மிக அதிகம். அதனால்தான் இந்த நொதி சூட்டுக்கு எளிதில் மசிவதில்லை. அமிலத்தில் கலந்து சூடாக்கினால் கணையச் சாற்றில் உள்ள லிப்பேஸ் செத்துப்போகும், ஏ2 பிழைத்திருக்கும்.

வெட்டு எப்படி நடக்கிறது?

48ஆவது ஹிஸ்டிடின், பக்கத்தில் நிற்கும் நீர் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானை உருவிக்கொள்கிறது. 99ஆவது ஆஸ்பார்டிக் அமிலம் அந்த ஹிஸ்டிடினைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்கிறது. புரோட்டானை இழந்த நீர், எஸ்டர் பிணைப்பின் கார்பனைத் தாக்குகிறது. அந்த நொடியில் பக்கத்து ஆக்சிஜன்மேல் சேரும் எதிர் மின்சுமையைக் கால்சியம் தாங்கிக்கொள்கிறது. பிணைப்பு முறிகிறது, வால் விடுபடுகிறது.

ஆக, கால்சியம் இல்லாவிட்டால் வெட்டும் இல்லை. அதுவும் இந்த நொதிக்கு மில்லிமோலார் அளவில் கால்சியம் வேண்டும். அவ்வளவு கால்சியம் ரத்தத்திலும் குடலிலும் உண்டு. செல்லின் உள்ளே அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் செல்லுக்கு வெளியேதான் இதன் ஆட்டம்.

சவ்வில் மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தண்ணீரில் தனித்தனியாகக் கரைந்திருக்கும் பாஸ்போலிப்பிடைக் கொடுத்தால் இந்த நொதி மந்தமாக வேலை செய்கிறது. அதே பாஸ்போலிப்பிடுகள் ஒன்றுசேர்ந்து சவ்வாகவோ சிறு உருண்டையாகவோ மாறினால், வேகம் பல நூறு மடங்கு, சில நேரம் ஆயிரக்கணக்கான மடங்கு கூடிவிடுகிறது.

காரணம் நொதியின் உருவத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் தட்டையானது, கொழுப்போடு ஒட்டும் தன்மையுள்ளது. அந்தப் பக்கத்தை வைத்துச் சவ்வின்மேல் படுத்துக்கொள்கிறது. வெட்டும் இடத்துக்குப் போகும் குழாய் அந்தத் தட்டைப் பக்கத்தில்தான் திறக்கிறது. ஆகவே பாஸ்போலிப்பிடு தண்ணீருக்குள் வராமலே சவ்விலிருந்து நேராகக் குழாய்க்குள் ஏறிவிடும்.

வயலில் களை எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு களைக்கும் வரப்பேறி மறுபடி இறங்குவதில்லை. குனிந்த நிலையிலேயே நகர்ந்து நகர்ந்து ஒரு பாத்தியை முடித்துவிடுவார்கள். இந்த நொதியும் சவ்வைவிட்டு எழாமலே நகர்ந்துகொண்டு ஒவ்வொரு மூலக்கூறாக வெட்டித் தள்ளுகிறது.

முதலில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நல்ல பாம்பின் விஷத்திலிருந்துதான். 1900களின் தொடக்கத்தில் பால் எர்லிக்கின் பிராங்பர்ட் ஆய்வகத்தில் பிரஸ்டன் கைஸ் என்ற அமெரிக்கர் வேலை செய்தார். கழுவிய சிவப்பணுக்கள் சிலவற்றை விஷம் மட்டும் உடைக்கவில்லை. கூடவே லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிடையும் சேர்த்தால் உடைத்தது. விஷமும் லெசித்தினும் கூடி ஒரு புதிய கூட்டுப்பொருள் உண்டாகிறது என்று அவர் நினைத்தார், அதற்குக் 'கோப்ரா லெசித்திடு' என்றும் பெயரிட்டார். பிறகுதான் தெரிந்தது, அங்கே எதுவும் கூடவில்லை, லெசித்தின் வெட்டுப்பட்டிருக்கிறது என்று. ஒற்றை வாலுடன் மிஞ்சிய துண்டு சோப்பு மாதிரி சவ்வைக் கரைத்துச் சிவப்பணுவை உடைத்திருக்கிறது. 'லைசோ' என்ற முன்னொட்டு அந்த உடைப்பிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது வாலுக்கு அப்படி என்ன முக்கியத்துவம்?

நம் சவ்வுகளில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில்தான் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அதை விடுவித்தால் புரோஸ்டாகிளாண்டின், லூக்கோட்ரையீன் போன்ற பொருள்களை உடல் தயாரிக்கும். காய்ச்சல், வீக்கம், வலி, ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் இறுகுவது, பிரசவ வலி எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971ல் காட்டினார். 1982ல் அவருக்கும் பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பிரின் தடுப்பது இரண்டாம் படியை. முதல் படி நம் ஏ2 நொதியின் வெட்டு.

ஆனால் செல்லுக்குள் இந்த வேலையைச் செய்வது மேலே சொன்ன குட்டி நொதி அல்ல. அது 85 கிலோடால்டன் எடையுள்ள வேறொரு உறவினர், செல்லின் உட்திரவத்தில் வாழ்வது. அது செரீனைக் கொண்டு வெட்டுகிறது. அதற்கும் கால்சியம் வேண்டும், ஆனால் வெட்டுவதற்கு அல்ல, சவ்வில் போய் ஒட்டிக்கொள்வதற்கு. செல்லுக்குள் கால்சியம் கொஞ்சம் ஏறினால் போதும், இது ஓடிப்போய்ச் சவ்வில் உட்கார்ந்துகொள்ளும். இந்த நொதியின் மரபணுவை நீக்கிய எலிகளைப் பற்றி 1997ல் ஆய்வுகள் வந்தன. அவற்றுக்கு ஒவ்வாமை எதிர்வினை குறைவாக இருந்தது. ஆனால் பெண் எலிகளுக்குப் பிரசவம் சரியான நேரத்தில் தொடங்கவில்லை.

ஸ்டீராய்டு மருந்து இந்த நொதியைத் தடுக்கிறது என்று பாடத்தில் படித்தோமே?

பாதி சரி. ஸ்டீராய்டு, அனெக்சின் என்ற புரதத்தைக் கூட்டுகிறது, அது ஏ2 நொதியின் வேலையைக் குறைக்கிறது. ஆனால் அதே ஸ்டீராய்டு அழற்சி சம்பந்தப்பட்ட ஏராளமான மரபணுக்களையே அடக்கிவைக்கிறது. தேர்வுக்கு ஒற்றை அம்புக்குறி போதும். உடம்பில் நடப்பதைப் புரிந்துகொள்ள அது போதாது.

நம் உடம்பில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

பாலூட்டிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏ2 நொதிகள் உண்டு. கணைய நொதி, செயலற்ற வடிவில்தான் சுரக்கிறது. முன்பக்கத்தில் ஏழு அமினோ அமிலம் கொண்ட ஒரு மூடி இருக்கும். குடலுக்கு வந்தபின் டிரிப்சின் அந்த மூடியைக் கழற்றுகிறது. கணையத்துக்குள்ளேயே மூடி கழன்றால் சொந்தச் செல்களின் சவ்வையே வெட்டும். கணைய அழற்சியில் ஏற்படும் சேதத்தில் இதற்கும் பங்கு உண்டு.

கண்ணீரில் இருக்கும் வகை, கிராம் பாசிட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாக்களின் சவ்வை உடைத்துக் கொல்கிறது. கண்ணில் தூசியோடு விழும் கிருமிகளுக்கு எதிரான காவல் அது. இதே வகை மூட்டுவாதம் உள்ளவர்களின் மூட்டு நீரில் அதிகமாகக் காணப்படுகிறது.

தேனீ கொட்டும்போதும் இதுதான் உடம்பில் ஏறுகிறதா?

ஆமாம், உலர்ந்த தேனீ விஷத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இதுதான். உடனடி எரிச்சலுக்கு முக்கியக் காரணம் மெலிட்டின் என்ற வேறு பொருள். அது சவ்வைக் கலைத்துவிடுவதால் ஏ2 நொதிக்கு வெட்டுவது எளிதாகிறது. தேனீ விஷ ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த நொதியே முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று.

சாப்பாட்டுத் தொழிலில் பயன்படுகிறதாமே?

பயன்படுகிறது. முட்டை மஞ்சள் கருவில் லெசித்தின் நிறைய உண்டு. அதை ஏ2 நொதியால் கொஞ்சம் வெட்டிவிட்டால் கிடைக்கும் லைசோலெசித்தின், எண்ணெயையும் தண்ணீரையும் இன்னும் உறுதியாகக் கலக்கவைக்கும். சூடுபடுத்தினாலும் பிரியாத மயோனைஸ் செய்வது இப்படித்தான். சமையல் எண்ணெயிலிருந்து கோந்துப்பொருளை நீக்கவும் பாஸ்போலிப்பேஸ்கள் பயன்படுகின்றன.

செரிமான நொதி பாம்பின் விஷமாக எப்படி மாறியது?

இரண்டு முறை, தனித்தனியாக. நல்ல பாம்பு, கட்டுவிரியன் குடும்பத்தின் விஷ நொதி, கணைய வகையின் உறவு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் குடும்பத்தின் நொதியோ நம் கண்ணீரிலும் மூட்டு நீரிலும் இருக்கும் வகையின் உறவு. உடம்பில் ஏற்கெனவே இருந்த மரபணு நகலெடுக்கப்பட்டு, ஒரு நகல் விஷச் சுரப்பியில் வேலை செய்யத் தொடங்கியது. மூல நகல் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டதால் புதிய நகல் தாராளமாக மாற முடிந்தது. அந்த நகலும் மறுபடி மறுபடி நகலானது. ஒரே பாம்பின் விஷத்தில் பல ஏ2 நொதிகள் இருப்பது இதனால்தான்.

ஒரே நொதி என்றால் ஒவ்வொரு பாம்பின் கடியும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

வெட்டும் இடம் மாறவில்லை, மேற்பரப்பு மாறியிருக்கிறது. நொதி எந்த செல்லில் போய் ஒட்டும் என்பதை மேற்பரப்பு தீர்மானிக்கிறது.

கட்டுவிரியன் விஷத்தில் உள்ள பங்காரோடாக்சின் என்ற நச்சுப் புரதங்களில் ஒரு வகையில், ஏ2 நொதியோடு இன்னொரு சிறு புரதம் தைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துணைப் புரதம் தசைக்குச் செய்தி சொல்லும் நரம்பின் நுனிக்கு நொதியைக் கூட்டிப்போகிறது. அங்கே சவ்வு வெட்டுப்படுகிறது. ஒற்றை வால் துண்டுகள் சவ்வின் வளைவையே மாற்றுகின்றன. நரம்பு நுனியில் சேமித்துவைத்த செய்திப் பைகள் கொட்டித் தீர்ந்துபோகின்றன, புதிதாக நிரம்புவதில்லை. பிறகு நரம்பு நுனியே சிதைகிறது. இமை சரிகிறது, விழுங்க முடியவில்லை, கடைசியில் மூச்சுத் தசை நிற்கிறது. கடித்த இடத்திலோ வீக்கமும் இல்லை, பெரிய வலியும் இல்லை. தரையில் தூங்குபவர் பலருக்குக் கடித்ததே தெரிவதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்தால் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலியோடு இமையும் சரிந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டிலில் படுப்பதும், தரையில் படுத்தால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வதும் நல்ல பாதுகாப்பு.

கண்ணாடி விரியன் விஷத்திலும் ஏ2 நொதி நிறைய இருக்கிறது. திசு அழிவு, சிவப்பணு உடைவு, சிறுநீரகச் சேதம் ஆகியவற்றில் அதற்குப் பங்கு உண்டு. இலங்கையில் இந்தப் பாம்பு கடித்தவர்களுக்கு இமை சரிவதும் காணப்படுகிறது. ஆனால் இந்தக் கடியில் ரத்தம் உறையாமல் போவதற்கு முக்கியக் காரணம் உறைவுக் காரணிகளைத் தீர்த்துவிடும் வேறு நொதிகள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று மருத்துவமனையில் பார்ப்பது அதற்காகத்தான்.

சரி, அந்த 49ஆவது ஆஸ்பார்டிக் அமிலத்துக்கு வருவோம். கால்சியத்தைப் பிடித்திருப்பது அது. சில விரியன்களின் விஷத்தில் அந்த இடத்தில் லைசின் இருப்பதை 1984ல் கண்டார்கள். லைசின் இருந்தால் கால்சியம் அங்கே உட்கார முடியாது. கால்சியம் இல்லாவிட்டால் வெட்டு இல்லை. அப்படியும் இந்தப் புரதம் தசையை நாசம் செய்கிறது. தன் அமினோ அமிலச் சங்கிலியின் கடைசி முனையருகே உள்ள பகுதியைச் சவ்வுக்குள் செலுத்தி அதைக் குலைக்கிறது. நொதியின் உருவம் மட்டும் மிஞ்சி, நொதியின் வேலை போய்விட்ட பிறகும் அது ஆயுதமாகவே இருக்கிறது.

பாம்பின் சொந்த உடம்பை ஏன் வெட்டுவதில்லை?

விஷப்பையில் சிட்ரேட் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் நொதி அங்கே அடங்கியிருக்கிறது. அது போக, பாம்பின் ரத்தத்தில் ஏ2 நொதியைக் கட்டிப்போடும் தடுப்புப் புரதங்கள் ஓடுகின்றன. தப்பித்தவறி விஷம் ரத்தத்தில் கலந்தாலும் அவை பார்த்துக்கொள்ளும்.

கடிவாயில் சூடு வைத்தால் விஷம் முறியுமா?

முறியாது. ஏழு தையல் போட்ட புரதத்தைச் சூட்டால் குலைக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே நம் சதை வெந்துவிடும். கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது, இறுக்கக் கட்டுவது எதுவும் உதவாது. இறுக்கக் கட்டினால் கையோ காலோ அழுகக்கூடும். கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல், நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. இதற்காக ஒரு நிமிடம்கூட வேறு எங்கும் செலவழிக்க வேண்டாம்.

விஷமுறிவு மருந்து இந்த நொதியைத் தடுக்கிறதா?

தடுக்கிறது, சென்று சேரும் இடம்வரை. இந்திய மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம். அந்த விஷத்தின் பெரும்பகுதி, 1978ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியிலிருந்து, வந்துகொண்டிருந்தது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது பெரும் நிறைவாக இருந்தது. அந்தக் குப்பிக்குள் இருப்பது அவர்கள் சமூகத்தின் கைத்திறன்.

ரத்தத்தில் சுற்றும் நொதியை இந்த மருந்து பிடித்துவிடும். நரம்பு நுனியில் வெட்டு ஏற்கெனவே நடந்துவிட்டால் அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் கட்டுவிரியன் கடியில் மருந்து போட்டபிறகும் வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. நரம்பு நுனி மறுபடி வளர நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். நல்ல பாம்புக் கடிக்குக் கைகொடுக்கும் நியோஸ்டிக்மின் ஊசி இங்கே பெரிதாக உதவாததும் இதனால்தான். அங்கே நரம்பு செய்தி அனுப்புகிறது, தசையில்தான் தடை. இங்கே அனுப்புவதற்கே எதுவும் இல்லை. அந்த நாட்களில் நினைவோடு இருந்தும் கண் திறக்க முடியாமல் ஒருவர் படுத்திருப்பார். வீட்டார் நம்பிக்கை இழக்க வேண்டாம். மூச்சை மட்டும் இயந்திரம் தாங்கினால் முழுதாக எழுந்து வருபவர்கள் நிறையப் பேர்.

மாத்திரையாக ஏதாவது வருமா?

வாரஸ்பிளாடிப் என்ற மருந்து ஏ2 நொதியின் வெட்டும் குழாயை அடைத்துவிடுகிறது. முதலில் இதயநோய்க்காக உருவாக்கப்பட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் பலன் இல்லை, மாரடைப்பு கூடியது என்று தெரிந்ததும் 2012ல் நிறுத்திவிட்டார்கள். பிறகு 2016ல் வெளியான ஆய்வக ஆய்வு ஒன்றில், உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 28 பாம்புகளின் விஷத்தில் உள்ள ஏ2 நொதியை அது அடக்குவது தெரிந்தது. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய இதயநோய் மருந்தின் கணக்கு வேறு, கடித்த அன்று தொடங்கிச் சில நாள் மட்டும் கொடுக்கும் மருந்தின் கணக்கு வேறு.

இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்புக்கடி நோயாளிகளிடம், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, இந்த மாத்திரையைச் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது முக்கியக் குறிக்கோள் எட்டப்படவில்லை. கடித்த ஐந்து மணி நேரத்துக்குள் மாத்திரை கிடைத்தவர்களிடம் மட்டும் முன்னேற்றத்தின் அறிகுறி தென்பட்டது. வயல்வெளியில் கடிபட்டவர் பேருந்து பிடித்து மருத்துவமனை வந்துசேரவே சில மணி நேரம் ஆகிறது. ஆகவே இனி பார்க்க வேண்டியது, ஆம்புலன்சிலோ ஊரின் துணை சுகாதார நிலையத்திலோ வைத்தே அதைக் கொடுத்தால் நரம்பு நுனி பிழைக்குமா என்பதை.